கர்ப்பிணிக்குக் காய்ச்சலா? முதலில் ரத்தப் பரிசோதனை



அம்பாங் பெச்சா, கோல குபு பாரு, கோல சிலாங்கூர் தோட்டப்புறங்களில் வாழ்ந்த உங்களுக்குக் குளிர்க்காய்ச்சலும் கொய்னா மருந்தின் கசப்பும் நினைவிருக்கும். அந்தப் பழைய மலேரியா பெரிதும் ஒடுங்கிவிட்டது. 2018-இல் மனிதரிடமிருந்து மனிதருக்குப் பரவும் மலேரியா உள்நாட்டில் ஒன்றுகூடப் பதிவாகவில்லை. ஆனால், குரங்குகளிடமிருந்து கொசு மூலம் தொற்றும் ‘நோலெசி’ மலேரியா இன்னும் இருக்கிறது. காட்டோரத்திலும் தோட்டங்களிலும் வேலை செய்வோர், வசிப்போர் கவனமாக இருக்க வேண்டும்.

கர்ப்பிணிக்கு ஏன் ஆபத்து?

மலேரியாக் கிருமி ரத்தச் சிவப்பணுக்களை அழிக்கிறது. தாய்க்குக் கடும் ரத்தசோகை வரலாம்; கரு கலையலாம்; குழந்தை எடை குறைந்து பிறக்கலாம். நோலெசிக் கிருமி 24 மணி நேரத்துக்கு ஒருமுறை பெருகும். “நாளைக்குப் பார்ப்போம்” என்று காத்திருக்கக் கூடாது.

என்ன செய்ய வேண்டும்?

• மகளுக்கோ மருமகளுக்கோ காய்ச்சல், குளிர் நடுக்கம், தலைவலி இருந்தால் அன்றே கிளினிக்குக்கு அழைத்துச் செல்லுங்கள். கர்ப்பமாக இருப்பதையும், காட்டோரம் அல்லது தோட்டம் சென்றதையும் சொல்லுங்கள்.
• மயக்கம், மூச்சுத்திணறல், ரத்தப்போக்கு இருந்தால் உடனே 999-ஐ அழையுங்கள்.
• கர்ப்பிணிக்கு ஏற்ற மலேரியா மருந்துகள் உள்ளன. மருத்துவர் தந்த மாத்திரைகளை முழுமையாகச் சாப்பிட வேண்டும். பிறருடைய மாத்திரையைத் தராதீர்கள்; ‘பிரைமாகுயின்’ கர்ப்பிணிக்குக் கொடுக்கக் கூடாத மருந்து.
• நிலவேம்புக் கஷாயம் கர்ப்பிணிக்கு வேண்டாம்.

சத்து மாத்திரை நல்லதுதானே?

நெல்லிக்காய், கொய்யா, முருங்கைக்கீரை, தக்காளி ஆகியவற்றில் உடல் அணுக்களைக் காக்கும் சத்துகள் உள்ளன. அவற்றை உணவாகத் தாராளமாகக் கொடுங்கள். ஆனால் கடையில் விற்கும் அதிக அளவு வைட்டமின் சி, இ மாத்திரைகளைக் கர்ப்பிணிகள் வழக்கமாக எடுத்துக்கொள்ள உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கவில்லை. அவை மலேரியாவைக் குணப்படுத்தாது. சில மலேரியா மருந்துகளின் வேலைக்கு இடையூறாகவும் இருக்கலாம். ஆகவே, மருத்துவரிடம் கேட்காமல் வாங்கித் தராதீர்கள். கிளினிக்கில் தரும் இரும்புச்சத்து மாத்திரையைத் தேநீருடன் விழுங்கக் கூடாது. தேநீர் அச்சத்தைத் தடுக்கும்.

மாலையில் கைகால் மூடிய உடை, இரவில் கொசுவலை அவசியம்.

வீட்டில் பெரியவர் சொல்லுக்கு மதிப்பு உண்டு. “முதலில் ரத்தம் பார்த்துவிட்டு வருவோம்” என்று நீங்கள் சொன்னால், இரண்டு உயிர்கள் காக்கப்படும்.