எலும்பு சொல்லும் கதை – 17: கொம்பு யாருக்காக முளைத்தது?

டைனோசார் என்றதும் நம் கண்முன் வரும் காட்சிகளில் ஒன்றுக்கு உருவம் கொடுத்தவர் சார்லஸ் நைட் என்ற அமெரிக்க ஓவியர். சிகாகோவின் ஃபீல்ட் அருங்காட்சியகத்துக்காக 1920களின் இறுதியில் அவர் வரைந்த சுவரோவியத்தில் ஒரு பக்கம் டைரனோசாரஸ், மறுபக்கம் மூன்று கொம்புகளோடு டிரைசெராடாப்ஸ். இரண்டும் எதிரெதிரே நிற்கின்றன. அதற்குப் பின் வந்த எத்தனையோ பாடப்புத்தகங்களும் பொம்மைகளும் படங்களும் அதே காட்சியைத்தான் திரும்பத் திரும்பக் காட்டின. பகையை எதிர்க்கவே கொம்பு முளைத்தது என்பது கேள்விக்கே இடமில்லாத விடையாகிவிட்டது. அந்த இரு விலங்குகளும் மோதிக்கொண்டது உண்மை. அதற்கு எலும்பிலேயே சாட்சி இருக்கிறது. ஆனால், கொம்பு எதற்கெல்லாம் பயன்பட்டது என்பது ஒரு கேள்வி. எந்த நெருக்கடி அதை வளர்த்தது என்பது வேறு கேள்வி. இரண்டாவது கேள்விக்குச் சான்றுகள் தரும் விடை, பகையை அல்ல, உறவைக் காட்டுகிறது. கொம்பும் பிடரித் தகடும் வளர்ந்தது முதன்மையாகத் தன் இனத்தாரை முன்னிட்டே என்பதுதான் இந்த வாரம் நான் வைக்கும் வாதம்.

கொம்பு டைனோசார்களின் வரலாறு கொம்பில் தொடங்கவில்லை. சீனாவின் ஷின்ஜியாங் பகுதியில் கிடைத்து 2006இல் விவரிக்கப்பட்ட யின்லாங் ஏறத்தாழ 16 கோடி ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்தது. நீளம் ஒரு மீட்டரைச் சற்றே தாண்டும். இரண்டு காலில் நடந்தது. தலையில் கொம்பு கிடையாது. ஆனால் மேல் அலகின் நுனியில், வேறெந்த டைனோசார் வம்சத்துக்கும் இல்லாத ஒரு தனி எலும்பு இருந்தது. டிரைசெராடாப்ஸ் வரை இந்தக் குடும்பம் முழுவதையும் அடையாளம் காட்டுவது அந்த எலும்புதான். அடுத்து பிரிந்த சிட்டகோசாரஸின் கன்னங்களில் கூரான புடைப்புகள் உண்டு. கோபிப் பாலைவனத்தின் புரோட்டோசெராடாப்ஸுக்கு அகன்ற பிடரித் தகடு உண்டு, கொம்பு இல்லை. 1971இல் போலந்து–மங்கோலியக் குழு கோபியில் கண்டெடுத்த புகழ்பெற்ற இரட்டை எலும்புக்கூட்டில், ஒரு புரோட்டோசெராடாப்ஸும் ஒரு வெலாசிராப்டரும் கட்டிப் புரண்டபடியே மடிந்து கிடக்கின்றன. வெலாசிராப்டரின் வலக்கை மற்றதன் அலகுக்குள் சிக்கியிருக்கிறது. அதன் கால் நகம் எதிரியின் தொண்டைப் பக்கம் நீண்டிருக்கிறது. உயிர்போகும் நேரத்தில் புரோட்டோசெராடாப்ஸ் நம்பியது அலகைத்தான். தொண்டையை நோக்கி வந்த நகத்துக்குப் பிடரித் தகடு தடையாக இல்லை. ஒரு சம்பவத்தை வைத்து விதி வகுக்க முடியாது. ஆனால் கிளைகள் பிரிந்த வரிசையைப் பாருங்கள்: முதலில் அலகு, பிறகு தகடு, கடைசியில்தான் பெரிய கொம்பு. வாளும் கேடயமும் போல இரண்டும் ஒரே தேவைக்காகச் சேர்ந்து வரவில்லை.

கொம்பு வந்த காலமும் கவனிக்கத்தக்கது. நீண்ட புருவக் கொம்பு கொண்ட பழைய இனங்களில் ஒன்று நியூ மெக்சிகோவின் ஜூனிசெராடாப்ஸ்; ஏறத்தாழ 9 கோடி ஆண்டுப் பழமை. அதே பாறை அமைப்பில் கிடைத்த, டைரனோசார் வம்சத்துச் சுஸ்கிடைரனஸின் இடுப்பு உயரமே சுமார் ஒரு மீட்டர்தான். டைரனோசாரஸ் ரெக்ஸ் தலைகாட்ட இன்னும் 2 கோடி ஆண்டுகளுக்கு மேல் ஆக வேண்டியிருந்தது. வேறு கொன்றுண்ணிகள் இருந்திருக்காதா என்று கேட்கலாம். இருந்திருக்கும். ஆனால் பின்னாளில் பெரிய டைரனோசார்கள் உலவிய வட அமெரிக்க நிலங்களில், கொம்பே இல்லாத வாத்தலகு டைனோசார்களும் பெருங்கூட்டமாகப் பெருகின. அதைவிட முக்கியம், கொம்புகளின் வகை. பகைவனைக் குத்துவதே நோக்கம் என்றால், குத்த வாகான ஓரிரு வடிவங்களிலேயே எல்லா இனங்களும் வந்து நின்றிருக்கும். நடந்தது நேர்மாறு. யூட்டாவில் கிடைத்து 2010இல் பெயரிடப்பட்ட கோஸ்மோசெராடாப்ஸின் தலையில் மொத்தம் 15 கொம்புகள். அவற்றில் 10 பிடரித் தகட்டின் விளிம்பில் இருக்கின்றன, பெரும்பாலானவை முன்பக்கமாகக் கீழே மடிந்து தொங்குகின்றன. அவற்றால் யாரையும் குத்த முடியாது. பாக்கிரைனோசாரஸுக்கு மூக்கில் கொம்புக்குப் பதில் கரடுமுரடான எலும்புத் திண்டு. காஸ்மோசாரஸின் பிடரித் தகட்டில் இரண்டு பெரிய திறப்புகள். உயிரோடு இருந்தபோது அவற்றை மூடியிருந்தது தோலும் தசையும் மட்டுமே. கனத்த, ஓட்டையில்லாத தகடு கொண்ட டிரைசெராடாப்ஸ் விதிவிலக்கு; அதை மட்டும் பார்த்துவிட்டுத்தான் எல்லாவற்றையும் கேடயம் என்கிறோம். இத்தனைக்கும், கழுத்துக்குக் கீழே இந்த விலங்குகள் அச்சில் வார்த்ததுபோல் இருக்கின்றன. மண்டையோடு கிடைக்காவிட்டால் எந்த இனம் என்று சொல்வதே கடினம். காலும் விலாவும் ஏறக்குறைய மாறாமல் இருக்க, முகம் மட்டும் இனத்துக்கு இனம் மாறிக்கொண்டே போவது, அந்த முகத்தைப் பார்த்து முடிவெடுக்கும் கண்கள் இருந்ததைக் காட்டுகிறது.

வளர்ச்சி தரும் சான்று இன்னும் நேரடியானது. பெர்க்லியில் உள்ள கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத் தொல்லுயிர் அருங்காட்சியகத்தில் ஒரு டிரைசெராடாப்ஸ் குட்டியின் மண்டையோடு இருக்கிறது. நீளம் ஏறத்தாழ ஓர் அடி. வளர்ந்த டிரைசெராடாப்ஸின் மண்டையோடு 8 அடியைத் தொடும். குட்டியின் புருவத்தின் மேல் இருப்பது சில சென்டிமீட்டர் முளை மட்டுமே. ஜான் ஹார்னரும் மார்க் குட்வினும் பல வயது மண்டையோடுகளை வரிசைப்படுத்தி 2006இல் காட்டியபடி, இந்த முளை இளம் பருவத்தில் பின்பக்கமாக வளைந்து, முதிர்ச்சியை நெருங்கும்போது முன்பக்கமாகத் திரும்புகிறது. தகட்டின் விளிம்பில் முக்கோணமாக நின்ற சிறு எலும்புகளும் வயதாக ஆகத் தட்டையாகி ஒட்டிப்போகின்றன. புரோட்டோசெராடாப்ஸிலும் உடல் வளரும் வேகத்தைவிடப் பிடரித் தகடு வேகமாக வளர்வதை 2016இல் டேவிட் ஹோனும் அவருடைய குழுவினரும் அளந்து காட்டினர். கொன்றுண்ணிக்கு எளிதில் இரையாவது குட்டிதான். ஆயுதம் மிகவும் தேவைப்படும் பருவத்தில் அது வெறும் முளையாக இருந்து, துணை தேடும் பருவம் நெருங்கும்போது பெருக்கிறது. தற்காப்புக்கான உறுப்பு இப்படிக் காலந்தாழ்த்தி வருவானேன்? அதே மண்டையோடு, எதிரே நிற்பது குட்டியா, இளங்காளையா, முதிர்ந்ததா என்பதைத் தன் இனத்தாருக்குத் தொலைவிலேயே சொல்லிவிடும்.

காட்டிக்கொண்டதோடு நிற்கவில்லை, சண்டையும் போட்டன. 2009இல் ஆண்ட்ரூ ஃபார்க், யூவன் உல்ஃப், டேரன் டாங்கி மூவரும் டிரைசெராடாப்ஸ் மண்டையோடுகளையும் சென்ட்ரோசாரஸ் மண்டையோடுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, அடிபட்டு ஆறிய தடங்களைக் கணக்கெடுத்தனர். காயம் பட்ட எலும்பு ஆறும்போது புது எலும்பைப் போர்த்திக்கொள்ளும். அந்த இடம் தடித்து, சொரசொரப்பாக, நுண்துளைகளோடு இருக்கும். பிடரித் தகட்டின் பக்கவாட்டு எலும்பில் அத்தகைய தடங்கள் சென்ட்ரோசாரஸைவிட டிரைசெராடாப்ஸில் பல மடங்கு அதிகம். இரண்டு டிரைசெராடாப்ஸ்கள் தலையைத் தாழ்த்திக் கொம்பைப் பின்னினால் எதிராளியின் கொம்பு நுனி போய்ப் படும் இடம் அதுதான். நீண்ட புருவக் கொம்பு இல்லாத சென்ட்ரோசாரஸில் அங்கே அடி குறைவு. இவை நோயின் தடங்களாக இருக்கலாமே என்ற ஐயம் நியாயமானது. ஆனால் நோய்க்குக் கொம்பின் நீளம் தெரியாது. இரண்டு இனங்களுக்கும் இடையே, குறிப்பிட்ட அந்த எலும்பில் மட்டும், இப்படி வேறுபாடு காட்டுவதற்கு நோயில் காரணம் தேட முடியாது.

இனி மறுப்புகள். டிரைசெராடாப்ஸின் கொம்பை மாட்டுக் கொம்போடும் மான் கொம்போடும் சேர்த்துப் பேசலாமா என்பது முதலாவது. 1887இல் டென்வர் அருகே கிடைத்த இரண்டு புருவக் கொம்புகளைப் பார்த்த ஓத்னியல் மார்ஷ், அவற்றை ஒரு மாபெரும் காட்டெருமையுடையவை என்று கருதி அப்படியே பெயரும் வைத்தார். 1889இல்தான் டிரைசெராடாப்ஸ் என்ற பெயர் வந்தது. அக்காலத்தின் தலைசிறந்த நிபுணரையே தடுமாற வைக்கும் அளவுக்கு உள்ளெலும்பின் அமைப்பு ஒத்திருந்தது. பாலூட்டிதான் வேண்டாம் என்றால், ஊர்வனவற்றிலேயே கிழக்கு ஆப்பிரிக்காவின் ஜாக்சன் பச்சோந்தி இருக்கிறது. மூன்று கொம்புள்ள ஆண்கள் கிளையின் மேல் முட்டித் தள்ளிக்கொள்கின்றன. இரண்டாவது மறுப்பு வலுவானது: டைரனோசாரஸ் கடித்த காயம் ஆறிய டிரைசெராடாப்ஸ் கொம்பும் தகடும் கிடைத்திருக்கின்றனவே? ஜான் ஹாப் 2008இல் விவரித்த அந்த மண்டையோடு, கடிபட்ட விலங்கு பிழைத்ததைத் தெளிவாகச் சொல்கிறது. கொம்பு அதன் உயிரைக் காத்திருக்கலாம். நான் அதை மறுக்கவில்லை. நம் புள்ளிமானும் நாயை எதிர்த்துக் கொம்பைத் தாழ்த்தும். ஆனால் அந்தக் கொம்பை அது விழுத்தி விழுத்தி மீண்டும் வளர்க்கிறது, பெண் மானுக்கோ அது கிடையவே கிடையாது. கையில் இருப்பதை ஆபத்தில் பயன்படுத்துவது, அது எதற்காக வந்தது என்பதற்குச் சாட்சி ஆகாது.

மூன்றாவது மறுப்பு வேறு பக்கத்திலிருந்து வருகிறது. கெவின் பாடியனும் ஹார்னரும், இந்த அலங்காரம் துணையைக் கவர அல்ல, தன் இனம் எது என்று அறிந்துகொள்ளவே என்று 2011இல் வாதிட்டனர். அப்படியானால் ஒரே இடத்தில் சேர்ந்து வாழ்ந்த இனங்களின் முகங்கள்தான், குழப்பம் வராதபடி, அதிகம் வேறுபட வேண்டும். ஆண்ட்ரூ நாப்பும் அவருடைய குழுவினரும் 2018இல் இதைச் சோதித்தபோது அப்படி எந்த வேறுபாடும் தென்படவில்லை. சேர்ந்து வாழ்ந்தாலும் பிரிந்து வாழ்ந்தாலும் ஒன்றுதான். நான்காவது மறுப்பு, ஆண் பெண் வேறுபாடு எலும்பில் தெளிவாகத் தெரியவில்லையே என்பது. துணையைத் தேர்வது எப்போதும் ஒரு பாலின் வேலை என்று வைத்துக்கொண்டால்தான் இது சிக்கல். மேற்குத் தொடர்ச்சி மலையின் பெரிய இருவாச்சியில் ஆண், பெண் இரண்டுக்கும் அலகின் மேல் தொப்பி உண்டு. இரண்டு பாலும் ஒன்றையொன்று எடைபோடும் இனங்களில் அலங்காரம் இரண்டிலும் வளரும். வெயிலில் உடலைக் குளிர்விக்கவே தகடு என்ற கருத்தும் உண்டு. ஒரே தட்பவெப்பத்தில் வாழ்ந்த இனங்களுக்கு ஏன் இத்தனை வடிவம் என்பதற்கு அதனிடம் பதில் இல்லை.

என் முடிவை மாற்றக்கூடிய சான்று எப்படி இருக்கும் என்பதையும் சொல்லிவிட வேண்டும். முழு அளவுக் கொம்போடு குட்டிகளின் மண்டையோடுகள் கிடைத்தால், அல்லது பெரிய கொன்றுண்ணி வந்த இடங்களிலெல்லாம் கொம்புகள் ஒரே வடிவத்தை நோக்கி நகர்ந்ததாகத் தெரிந்தால், தற்காப்பு வாதம் மீண்டும் எழும். இதுவரை கிடைத்தவை அப்படிச் சொல்லவில்லை. கிளை பிரிந்த வரிசை, முகங்களின் வகை, வளர்ச்சியின் வேகம், காயத்தின் இடம் ஆகிய நான்கும் தனித்தனியே ஒரே பக்கம் சாய்கின்றன. துணையும் போட்டியாளனும்தான் கொம்பை வளர்த்தார்கள். டைரனோசாரஸ் அதைப் பிற்பாடு சந்தித்தது, அவ்வளவே. இவை கூட்டமாக வாழ்ந்தனவா என்பதற்கு ஆல்பர்ட்டாவின் சென்ட்ரோசாரஸ் எலும்புப் படுகைகள் என்ன சொல்கின்றன என்பதை அடுத்த வாரம் பார்ப்போம்.

(தொடரும்)