யாரோடு யாரை ஒப்பிடுவது?

பேசாலைக் கரையில் விடியற்காலையில் நின்றால் இருவகை மாந்தரைக் காணலாம். இரவெல்லாம் கடலில் வலைவிரித்த மீனவர் உறக்கத்தை நாடிக் கரையேறுவர். கடை திறக்கச் செல்லும் வணிகரோ அப்பொழுதுதான் துயிலெழுந்திருப்பர். இவ்விருவரின் உமிழ்நீரையும் ஒரே வேளையில் எடுத்துச் சோதித்தால் அவர்தம் மனத்துயரா வெளிப்படும்? அவர்கள் உறங்கிய நேரமே வெளிப்படும்.

காரணம் இதுதான். நெருக்கடி வேளையில் சுரக்கும் கோட்டிசோல் என்னும் ஓமோன், நாள்தோறும் துயிலெழும் நேரத்தில் மிகுந்து, நள்ளிரவை அண்டிக் குறைவது. மனவடுவுக்கு உடலில் அடையாளம் தேடும் அறிஞர் பெரிதும் அளந்து பார்த்தவற்றுள் இதுவும் ஒன்று. 2007இல் இத்தகைய 37 ஆய்வுகளை ஒருங்கே திரட்டி நோக்கினர். மனவடு நோயுற்றோர்க்கும் ஏனையோர்க்கும் இடையே பொதுவில் வேறுபாடு தோன்றவில்லை. பெருந்துன்பம் அனுபவியாதாரோடு ஒப்பிட்ட ஆய்வுகளைப் பிரித்துப் பார்த்தபொழுதோ, நோயுற்றோரிடம் கோட்டிசோல் குறைந்திருந்தது. அக்குறைவு நோயினால் வந்ததா, துன்பத்தைக் கண்டதனாலேயே வந்ததா? அதே துன்பத்தைக் கண்டும் நோயுறாதவரைச் சேர்த்தாலன்றி இதற்கு விடை கிடையாது.

இதனை வகுப்பில் விளக்கினால், "மன்னாரில் துன்பமே காணாதவர் யார், ஐயா?" என்று ஒரு மாணவனேனும் கேட்பான். நியாயமான கேள்வி. 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்ட எருக்கலம்பிட்டி முதலிய ஊர்களின் முஸ்லிம்கள் கடல்வழியே கற்பிட்டியை அடைந்தனர். தமிழரும் மடுவுக்கும் இராமேசுவரத்துக்கும் ஓடினர். ஆனால் துன்பம் கண்டும் நோயுறாதவர் இங்கே ஏராளம். வடக்கிலிருந்து வந்து புத்தளத்தில் வாழ்ந்த முஸ்லிம்கள் 450 பேரை 2011இல் ஆராய்ந்தபொழுது, மனவடு நோய் நூற்றுக்கு 2.4 பேரிடமே காணப்பட்டது. மனச்சோர்வு, பதகளிப்பு முதலிய பொதுவான மனநோய்கள் 18.8 பேரிடம் இருந்தன.

எஞ்சியோரே ஒப்பீட்டுக்கு உரியவர். ஆயினும் அவரையும் அப்படியே எடுத்துக்கொள்ளல் தகாது. வெளியேறிய நாளில் கைக்குழந்தையாயிருந்தவரும் குடும்பச் சுமை தாங்கியவரும் ஒருவராகார். பின்னர் மன்னாருக்கு மீண்டவரைப் புத்தளத்திலேயே தங்கியவரோடு ஒப்பிடுவதிலும் இடருண்டு. உடல்வலிமையும் நிலமும் உடையோரே முதலில் மீண்டிருக்கக்கூடும்.

தக்க துணையைத் தேர்ந்தால் விடையே தலைகீழாதலும் உண்டு. வியட்நாம் போரினால் மனவடு நோயுற்றோரின் மூளையில், நினைவுக்குரிய இப்போகம்பசு என்னும் பகுதி சிறுத்திருந்தது. போர்தான் அதனைச் சிறுக்கவைத்தது என்று பலர் எண்ணினர். 2002இல் வெளிவந்த ஆய்வொன்று, போருக்கே செல்லாத அவர்தம் ஒத்த இரட்டைச் சகோதரரைச் சோதித்தது. அவர்களிடமும் அது சிறுத்தே இருந்தது!

இஃது ஆய்வுக்கூடத்து வழக்கு மாத்திரமன்று. இடம்பெயர்ந்த மீனவரைக் கொழும்பு அலுவலக எழுதுநரோடு ஒப்பிட்டு, வறுமையும் இரவுத் தொழிலும் புகையிலையும் விளைத்த வேறுபாட்டை 'மனவடுவின் குறி' என்று எழுதிவிட்டால், அந்தக் குடும்பத்துக்குக் குருதியிலேயே பழுது என்று ஊர் பேசும். அதைக் கேட்டபின் பெண்கொடுக்கத் தயங்குவோர் நம்மிடையே இல்லையா? ஆகவே மன்னாரில் எவரேனும் இவ்வாய்வைத் தொடங்குவாராயின், உமிழ்நீர்க் குப்பியை நீட்டுமுன், நேற்று எப்பொழுது உறங்கினீர், நோன்பு பிடிக்கிறீரா, 1990இல் உமக்கு வயதென்ன என்று கேட்டு எழுதிக்கொள்ளட்டும்.