ஜெர்மனிக்குக் கிளம்புற நமக்கு, ஜெர்மனியிலிருந்து வந்த ஒருத்தர்



ஒரு சின்னக் கேள்வி. உங்க ஹாஸ்டல் அறையிலயோ, காலேஜ் பஸ்ல பக்கத்து சீட்டுலயோ "டெர், டீ, டஸ்" என்று முணுமுணுத்துக்கொண்டு யாராவது இருக்காங்களா? கண்டிப்பா இருப்பாங்க. ஏ1 முடிச்சாச்சு, ஏ2 ஓடிக்கிட்டிருக்கு, பி1 எழுதிட்டா எம்.எஸ். விண்ணப்பத்துக்குக் கொஞ்சம் பலம். அங்கே அரசுப் பல்கலைக்கழகங்களில் பெரும்பாலும் கல்விக் கட்டணம் கிடையாது என்பதால் வீட்டிலயும் சம்மதம். நானும் அந்த வரிசையில நிக்கிற ஆள்தான். அதனால இது யாரையும் கிண்டல் பண்ற கட்டுரை இல்லை.

ஆனா இதே பாதையில எதிர்த்திசையில வந்த ஒருத்தரைப் பத்தி உங்களுக்குச் சொல்லணும். பெயர் மார்ட்டின் கெம்ப்ஷென். (கடைசியில வர்ற அந்த ஒலி 'ஷ'வும் இல்லை, 'ஹ'வும் இல்லை. ஏ1 படிச்சவங்களுக்கு அந்த அவஸ்தை தெரியும்!)

யார் இவர்?

ரைன் நதிக்கரையில் போப்பார்ட் என்ற சின்ன ஊரில் 1948-ல் பிறந்தவர். வியன்னாவில் ஜெர்மன் இலக்கியம் படித்து முனைவர் பட்டம் வாங்கியவர். 1973-ல் கொல்கத்தாவுக்கு வந்தார். வந்த வேலை ராமகிருஷ்ணா மிஷனில் ஜெர்மன் கற்றுக்கொடுப்பது. அதாவது, நம்ம ஜெர்மன் வகுப்பு எடுக்கிற சார் மாதிரி ஒருத்தர். ஒப்பந்தம் முடிந்ததும் ஊருக்குத் திரும்பியிருக்கலாம். அவர் திரும்பவில்லை. அடுத்து எங்கே போனார் தெரியுமா? நம்ம சென்னைக்கு! இந்தியத் தத்துவமும் சமயமும் படிக்க. ஏற்கெனவே டாக்டர் பட்டம் வாங்கின மனுஷன், மறுபடி மாணவரா வகுப்பில உட்கார்ந்தார்.

1980-ல் வங்காளத்தில் தாகூரின் சாந்திநிகேதனுக்குப் போனார். அங்கே விஸ்வபாரதியில் இரண்டாவது முனைவர் பட்டம். அந்த ஊரையே பல பத்தாண்டுகளுக்கு வீடாக்கிக்கொண்டார். வங்காளி கற்று, தாகூரின் கவிதைகளையும் ராமகிருஷ்ணரின் உரைகளையும் வங்காளியிலிருந்து நேரடியாக ஜெர்மனுக்குக் கொண்டுபோனார். தாகூரின் வாழ்க்கை வரலாற்றை ஜெர்மனில் எழுதினார். ஜெர்மனியின் பெரிய நாளிதழ்களில் ஒன்றான 'பிராங்பர்ட்டர் அல்கெமைனெ'யில் இந்தியாவைப் பற்றி எழுதிவந்தார். 2022-ல், 'இந்தியாவில் என் வாழ்க்கை' என்று பொருள்படும் தலைப்பில் தன்வரலாறும் வெளியிட்டார்.

"சரி, தாகூர்தான் நோபல் பரிசு வாங்கினவராச்சே, ஜெர்மன்காரங்க ஏற்கெனவே படிச்சிருப்பாங்களே. இவர் புதுசா என்ன பண்ணினார்?" என்று நீங்க கேட்கலாம். கட்டுரையோட மையமே அந்தக் கேள்விதான்.

நகலின் நகல்

வங்காளி 'கீதாஞ்சலி' 1910-ல் வந்தது. அதில் 157 பாடல்கள். பாடல்கள் என்றால் உண்மையிலேயே சந்தமும் இயைபும் உள்ள பாடல்கள். 1912-ல் வந்த ஆங்கில 'கீதாஞ்சலி' அதே புத்தகம் இல்லை. அதில் இருப்பவை 103. அவற்றில் 53 மட்டும்தான் வங்காளி கீதாஞ்சலியில் இருந்து எடுத்தவை, மற்றவை தாகூரின் வேறு தொகுப்புகளில் இருந்து. அதுவும் சந்தம், இயைபு எதுவும் இல்லாமல், உரைநடையில், தாகூரே மொழிபெயர்த்தது. 1913-ல் நோபல் வாங்கித்தந்தது இந்த ஆங்கிலப் புத்தகம்தான்.

1914-ல் ஜெர்மன் 'கீதாஞ்சலி' வந்தது. எதிலிருந்து? ஆங்கிலத்திலிருந்து. 1921-ல் தாகூர் ஜெர்மனிக்குப் போனபோது அவரைப் பார்க்கக் கூட்டம் அலைமோதியது. அதே ஆண்டு எட்டுத் தொகுதிகளில் அவரது எழுத்துகள் ஜெர்மனில் வந்தன. அவையும் ஆங்கிலம் வழியாகத்தான்.

வாட்ஸ்அப்பில ஒரு போட்டோ அஞ்சு குரூப் தாண்டி வந்தா எப்படி இருக்கும்? முகம் தெரியும், ஆனா யாருன்னு தெரியாது. ஒவ்வொரு முறையும் 'ஜேபெக்' சுருக்கும்போது கொஞ்சம் தகவல் போயிடும். போனது போனதுதான், கடைசி நகலை வைத்து மூலத்தை மீட்க முடியாது. ஜெர்மானியர்கள் கொண்டாடிய தாகூர் அப்படி ஒரு இரண்டாம் நகல். கெம்ப்ஷென் செய்தது, அசல் கோப்பு இருக்கிற இடத்துக்கே போனது.

ஒரு சொல்லில் என்ன போயிடும்?

வங்காளியில் எதிரே இருப்பவரை அழைக்க மூன்று சொற்கள்: துய், துமி, ஆப்னி. கிட்டத்தட்ட நம்ம டா, நீ, நீங்க மாதிரி. தாகூர் பாடல்களில் கடவுளை 'துமி' என்று கூப்பிடுவார். தினசரி வீட்டுக்குள்ள புழங்குற சொல். ஆங்கில கீதாஞ்சலியில் அது 'தவ்' ஆனது, பைபிள் வாசனை அடிக்கும் பழைய சொல். பக்கத்தில உட்கார்ந்திருந்த கடவுள், ஆங்கிலத்துக்குப் போனதும் மேடை ஏறிட்டார். சாதாரண 'யூ' வருகிற இடத்திலும் சிக்கல்தான். அதுக்குப் பின்னாடி இருப்பது நீயா, நீங்களா என்று ஆங்கிலத்தை மட்டும் பார்க்கிறவருக்குத் தெரியாது. ஆனா ஜெர்மனில் 'டூ' என்றும் 'ஸீ' என்றும் ரெண்டு இருக்கே! தேர்ந்தெடுக்கணும். வங்காளி தெரியாதவர் ஊகிக்கணும், தெரிந்தவர் பார்த்துச் சொல்லலாம்.

இன்னொன்று. வங்காளியில் 'ஷே' என்றால் அவனும்தான், அவளும்தான். வினைச்சொல்லிலும் ஆண் பெண் அடையாளம் இருக்காது. யார் வந்தது என்று சொல்லாமலே ஒரு பாடல் முழுக்க ஓடலாம். ஆங்கிலத்துக்கு மாறினதும் 'ஹீ'யா 'ஷீ'யா என்று முடிவு பண்ணியாகணும். ஆங்கிலம் எடுத்த முடிவை அடுத்த மொழி அப்படியே வாங்கிக்கும். மூலத்தில் திறந்திருந்த கதவு, நகலில் மூடிவிட்டது என்பதே வாசகருக்குத் தெரியாது.

புத்தகத்துக்கு வெளியே

மேக்ஸ் முல்லர் என்றால் நமக்கு உடனே சென்னையில் இருக்கும் மேக்ஸ் முல்லர் பவன் ஞாபகம் வரும். ரிக் வேதத்தைப் பதிப்பித்த அந்தப் பெரிய அறிஞர் வாழ்நாளில் ஒரு தடவைகூட இந்தியாவுக்கு வந்ததில்லை. கெம்ப்ஷென் நேர் எதிர்.

சாந்திநிகேதனுக்குப் பக்கத்தில் கோசால்டாங்கா, பிஷ்ணுபாட்டி என்று இரண்டு சாந்தால் பழங்குடிக் கிராமங்கள். அந்த மக்களோட பல ஆண்டுகளாக நெருங்கிப் பழகி, கல்விக்காக உழைத்தார். அங்கே உருவான பள்ளியில் ஒரு விஷயம் கவனிக்க வேண்டியது: குழந்தைகளுக்கு முதலில் அவர்களுடைய சாந்தாலி மொழியில் பாடம், அப்புறம் வங்காளி. வங்காளியும் சாந்தாலியும் ஒரே குடும்பத்து மொழிகள்கூட இல்லை. அரசுப் பள்ளியில் முதல் நாளே வங்காளியில் பாடம் கேட்கும் சாந்தால் குழந்தைக்கு அது புரியாத மொழி. தாகூருக்காக வங்காளி கற்ற மனிதர், அந்த வங்காளியே இன்னொரு குழந்தைக்குச் சுவராக நிற்பதையும் பார்த்தார். எனக்கு அவரிடம் ரொம்பப் பிடித்தது இதுதான்.

நம்ம திருத்தணிக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?

நிறைய இருக்கு! 1888-ல் திருத்தணியில் பிறந்த டாக்டர் ராதாகிருஷ்ணன் தெலுங்கு பேசும் குடும்பத்தைச் சேர்ந்தவர். திருப்பதியில் அவர் படித்தது ஜெர்மன் லுத்தரன் மிஷனரிகள் நடத்திய பள்ளியில். 1918-ல் அவர் எழுதிய புத்தகம் தாகூரின் தத்துவத்தைப் பற்றியது. பின்னாளில் கீதை, தம்மபதம், முக்கிய உபநிடதங்கள் எல்லாவற்றையும் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தார். 1961-ல் குடியரசுத் துணைத் தலைவராக இருந்தபோது, ஜெர்மன் புத்தக வணிகர்களின் அமைதிப் பரிசு அவருக்குக் கிடைத்தது. ஆசிரியர் தினத்துக்கு அவர் படத்துக்கு மாலை போடுறோம். அவரும் மொழிபெயர்ப்பாளர் என்பது எத்தனை பேருக்கு ஞாபகம் இருக்கு?

நம்ம ஊரே ரெண்டு மொழிக்கு நடுவில நிக்குது. 1960 ஏப்ரல் 1-ல் தான் திருத்தணி ஆந்திராவிலிருந்து சென்னை மாநிலத்துக்கு வந்தது. கோடு மாறினாலும் வீடு மாறலையே. எங்க வீட்டில அவ்வா தெலுங்கில கூப்பிடுவாங்க, நான் தமிழில பதில் சொல்வேன். ஆடிக் கிருத்திகைக்கு மலைப்படியில நின்னு கேளுங்க. ஒரே கூட்டத்தில ரெண்டு மொழியிலும் முருகனைக் கூப்பிடுவாங்க.

கெம்ப்ஷெனைப் பற்றிப் படித்த அன்றைக்கு ராத்திரி, அவ்வா நாற்று நடும்போது பாடுற ஒரு பாட்டை போனில் பதிவு பண்ணினேன். அதில் ஒரு வார்த்தை எனக்குப் புரியலை. மொழிபெயர்ப்புச் செயலியில் போட்டேன், என்னமோ உளறியது. அவ்வாகிட்டயே கேட்டேன். "அது நாத்து இல்லடா, நாத்துக்கட்டைப் பிரிச்சதும் கையில ஒட்டுற சேறு" என்று சொல்லிச் சிரித்தாங்க. அந்த ஒரு சொல்லுக்குத் தமிழில் நான் இன்னும் ஒரு சொல் தேடிக்கிட்டிருக்கேன். தெலுங்கு எழுத்து எனக்குப் படிக்கவும் தெரியாது. பதினேழு வருஷமா வீட்டில கேட்ட மொழிக்கு எழுத்து தெரியாது, இருபது வாரத்தில் ஜெர்மன் எழுதுறேன். யாரைக் குறை சொல்றது? நான்தான் இதுவரை கேட்டதே இல்லை.

சரி, நாம என்ன பண்ணலாம்?

ஜெர்மன் வகுப்பை நிறுத்தச் சொல்லலை. விசாவுக்காகவே படிங்க, தப்பில்லை. கெம்ப்ஷெனும் வேலைக்காகத்தான் கொல்கத்தா வந்தார். ஆனா பி1 முடிந்ததும் ஒரு வேலை பண்ணிப் பாருங்க. காஃப்காவின் 'விசாரணை'யை ஏ. வி. தனுஷ்கோடி ஜெர்மனிலிருந்து நேரடியாகத் தமிழுக்குக் கொண்டுவந்திருக்கார். அதையும் மூலத்தையும் பக்கத்தில் வைத்து ஒரே ஒரு பக்கம் படிங்க. எங்கே 'டூ', எங்கே 'ஸீ', அது தமிழில் நீயா, நீங்களா என்று மட்டும் பாருங்க. ஒரு மணி நேரம் ஆகும், ஆனா மொழிபெயர்ப்பு என்றால் என்ன என்று பிடிபடும்.

அதுக்கு முன்னாடி, வீட்டில தெலுங்கோ கன்னடமோ சௌராஷ்டிரமோ உருதுவோ பேசுற பெரியவங்க இருந்தா, ஒரு பாட்டையாவது பதிவு பண்ணி, புரியாத வார்த்தைக்கு அவங்ககிட்டயே அர்த்தம் கேட்டு எழுதி வைங்க. நம்ம இதழுக்கு அனுப்பினா போடுறோம். அவ்வாவோட பாட்டை அடுத்த இதழுக்கு நான் தர்றேன். அந்தச் சேற்றுக்கு ஒரு தமிழ்ச் சொல் உங்க ஊரில் இருந்தா, சீக்கிரம் சொல்லுங்க!