வால் நீண்டால் குணம் மாறும்

திருவண்ணாமலையில் வெயில் 40 டிகிரியை எட்டும் நாளிலும் மாட வீதிக் கடைகளின் கல்லாவில் கால்குலேட்டர் பிசகாமல் எண்களைக் காட்டுகிறது. அதன் கண்ணாடிக்குள் இருப்பது திரவப் படிகம். இங்கிலாந்தின் ஹல் பல்கலைக்கழகத்தில் ஜார்ஜ் கிரே குழுவினர் உருவாக்கி 1973இல் வெளியிட்ட 5சிபி என்ற பொருளை மட்டும் அதில் நிரப்பியிருந்தால், 35 டிகிரி தாண்டியதுமே எண்கள் மறைந்திருக்கும்.

பௌர்ணமி இரவில் கிரிவலப் பாதையில் யாருக்கும் நிலையான இடம் கிடையாது, ஆனால் எல்லோரும் ஒரே திசை பார்த்தே நடக்கிறார்கள். 5சிபியின் மூலக்கூறுகளும் அப்படித்தான். இந்த நிலைக்கு நெமாட்டிக் என்று பெயர். சூடு மிகுந்தால் திசை கலைந்து, வெறும் திரவமாகிவிடும்.

மூலக்கூறின் நடுவே இரண்டு பென்சீன் வளையங்கள். விறைப்பைத் தருவது அவைதான். ஒரு முனையில் உள்ள சயனோ தொகுதி எலெக்ட்ரான்களைத் தன் பக்கம் இழுத்துக்கொள்வதால், சிறிய மின்னழுத்தத்துக்கே மூலக்கூறு திரும்பிவிடும். திரையில் எண் தெரிவதும் மறைவதும் இதனால்தான். மறுமுனையில் ஐந்து கார்பன் கொண்ட, நெளியக்கூடிய வால்.

எனக்கு அலுக்காத விஷயம் இந்த வால்தான். ஒரு கார்பன் கூட்டினால் தாங்கும் வெப்பம் 29 டிகிரிக்கு இறங்குகிறது. இன்னொன்று கூட்டினால் ஏறக்குறைய 43க்கு ஏறுகிறது! ஒற்றைப்படை வாலின் கடைசிப் பிணைப்பு மூலக்கூறின் நீளவாக்கிலேயே அமைகிறது, இரட்டைப்படையில் அது பக்கவாட்டில் விலகிவிடுகிறது. எட்டுக் கார்பன் ஆனதும், நெமாட்டிக் நிலைக்குக் கீழே, மூலக்கூறுகள் அடுக்கடுக்காக அமரும் ஸ்மெக்டிக் நிலையும் தோன்றுகிறது.

ஐந்து கார்பன் வாலை அப்படியே வைத்து மூன்றாவது வளையத்தைச் சேர்த்தாலோ 239 டிகிரி வரை ஒழுங்கு குலையாது. ஆனால் அது உருகவே 130 டிகிரி வேண்டும். அதனால் நான்கு பொருள்களைக் கலந்து, இ7 என்ற கலவையைச் செய்தார்கள். கிட்டத்தட்ட 60 டிகிரி வரை அது தாங்கும். நம் ஊர்க் கோடைக்குத் தாராளம்.

திரவப் படிகமாக வேண்டுமென்றால் மூலக்கூறு குச்சிபோல் நீண்டிருக்க வேண்டும் என்றே பல காலம் நம்பினார்கள். அதை மாற்றியது பெங்களூரு ராமன் ஆராய்ச்சி நிறுவனம். சி.வி. ராமனின் சகோதரி மகனான எஸ். சந்திரசேகர், பி.கே. சதாசிவா, கே.ஏ. சுரேஷ் மூவரும், ஒரே பென்சீன் வளையத்தைச் சுற்றி ஆறு வால்கள் கொண்ட தட்டு வடிவ மூலக்கூறுகளும் திரவப் படிகமாவதை 1977இல் 'பிரமாணா' இதழில் அறிவித்தார்கள். தட்டுகள் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறித் தூண்களாக நின்றன. பிற்பாடு தட்டு வடிவ மூலக்கூறுகளைக் கொண்டே, பக்கவாட்டில் பார்த்தாலும் கணினித் திரை வெளிறாமல் காக்கும் மெல்லிய படலங்கள் வந்தன.