பருப்புத் தண்ணீரில் பருப்பு எங்கே?

போன மாதம் திருமங்கலத்தில் தம்பி வீட்டுக்குப் போயிருந்தேன். அவன் மகள் தன் எட்டு மாதப் பையனை மடியில் வைத்து வெள்ளிக் கிண்ணத்திலிருந்து ஊட்டிக்கொண்டிருந்தாள். எட்டிப் பார்த்தேன். வெந்த பாசிப்பருப்பு அடியில் தங்கிவிட, மேலே தெளிந்து நின்ற மஞ்சள் தண்ணீரை மட்டும் வடித்து எடுத்திருந்தாள். கிண்ணத்தின் உள்ளே பொறித்திருந்த மயில் தோகையோடு முழுசாகத் தெரிந்தது.

"நல்லாத்தான் குடிக்கிறான் அத்தை. வெயிட்தான் ரெண்டு மாசமா ஏழு கிலோவுலயே நிக்குது" என்றாள்.

பருப்பு எங்கே என்று கேட்டேன். "அதை சாம்பாருக்கு எடுத்து வச்சிட்டேன்."

உணவு போகவேண்டிய வயிற்றுக்குத் தண்ணீர் போய்ச்சேருகிற இடங்கள் நம் வீடுகளில் எத்தனை என்று அன்றிரவு படுத்துக்கொண்டே எண்ணிப் பார்த்தேன். பிறந்த நாளிலேயே ஆரம்பித்துவிடுகிறது.

சேனையும் சீம்பாலும்

நல்ல குணமுள்ள பெரியவர் ஒருவர் சர்க்கரைத் தண்ணீரையோ தேனையோ பிள்ளையின் நாக்கில் தொட்டு வைத்தால் அவர் குணம் பிள்ளைக்கு வரும் என்பது சேனை வைப்பதன் நம்பிக்கை. எனக்குச் சேனை வைத்தவர் என் தாத்தா. என் முன்கோபத்துக்கு அவர்தான் காரணம் என்று அம்மா இன்றும் குறைபடுவார். சடங்கில் இருக்கும் பாசத்தை நான் குறை சொல்லவில்லை. ஆனால் ஒரு வயது நிறையும்வரை தேன் கூடவே கூடாது. தேனில் சில சமயம் கிளாஸ்ட்ரிடியம் பொட்டுலினம் என்ற கிருமியின் வித்துகள் இருக்கும். நமக்கு ஒன்றும் செய்யாத அந்த வித்து, பச்சைக் குழந்தையின் குடலில் முளைத்து உடம்பைத் துவளச் செய்யும் நஞ்சை உண்டாக்கிவிடும். அரிதுதான், வந்தால் உயிருக்கே ஆபத்து.

பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் பிள்ளை மார்பில் சப்பவேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். சிசேரியன் என்றால் இது தள்ளிப்போகிறது. 2019-21 தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் நடந்த பிரசவங்களில் 44.9 சதவீதம் சிசேரியன். முதுகில் ஊசி போட்டுச் செய்த அறுவையில் தாய் விழித்துத்தான் இருப்பார். பக்கத்தில் ஒருவர் பிள்ளையைப் பிடித்துக்கொண்டால் பால் கொடுக்கலாம்.

முதல் இரண்டு மூன்று நாள் மஞ்சளாக, பிசுபிசுப்பாக, ஸ்பூன் கணக்கில்தான் சீம்பால் வரும். பிறந்த குழந்தையின் வயிற்றுக்கு அந்த அளவு போதும். கிருமியை எதிர்க்கும் புரதமும் வைட்டமின் ஏ-யும் அதில் செறிந்திருக்கின்றன. "பால் இன்னும் வரலை" என்று முதல் நாளே புட்டியை எடுப்பவர்கள், வந்துகொண்டிருக்கும் பாலைத்தான் பால் இல்லை என்கிறார்கள்.

பால் பத்தலையா?

பிள்ளை அழுதாலே பால் பத்தவில்லை என்று முடிவு கட்டிவிடுவோம். பிள்ளை எதற்கும் அழும். பார்க்கவேண்டியது வேறு. முதல் வாரம் கழிந்தபின் ஒரு நாளைக்கு ஆறு முறையாவது சிறுநீர் போகிறதா? பிறந்ததும் சற்றுக் குறைந்த எடை இரண்டு வாரத்துக்குள் திரும்பிவிட்டதா? இரண்டும் சரி என்றால் பால் போதும். இல்லையென்றால் டாக்டரிடம் காட்டவேண்டும். பிள்ளை மார்பைக் கவ்வும் விதத்தையும் ஒருவர் கூட இருந்து பார்க்கவேண்டும். காம்பை மட்டும் கவ்வினால் தாய்க்கு வலி, பிள்ளைக்குப் பால் வராது. வாய் அகலத் திறந்து, சுற்றியுள்ள கருவட்டத்தில் பெரும்பகுதி வாய்க்குள் போய், பிள்ளையின் தாடை மார்பில் பதியவேண்டும். சப்பச் சப்பத்தான் சுரக்கும். புட்டிப்பால் கொடுக்கிற ஒவ்வொரு வேளையும் சுரப்பு ஒரு படி குறையும்.

சித்திரை வெயிலிலும் ஆறு மாதம் வரை தண்ணீர் வேண்டாம். தாய்ப்பாலில் ஏறக்குறைய 87 சதவீதம் தண்ணீர்தான். தாகம் தாய்க்குத்தான், அவருக்கு ஒரு சொம்பு கொடுங்கள். பால்சுறாப் புட்டும் பூண்டுக் குழம்பும் தாராளமாகச் சாப்பிடட்டும். "பச்சை உடம்பு" என்று சொல்லித் தண்ணீரையும் காய்கறியையும் குறைக்கிற பத்தியத்தில் மட்டும் எனக்குச் சம்மதமில்லை.

வேலைக்குப் போகிறவர்கள் பாலைப் பீய்ச்சி, மூடிய எவர்சில்வர் பாத்திரத்தில் ஃப்ரிட்ஜின் உள்பக்கமாக வைத்தால் 24 மணி நேரம் இருக்கும். நம் ஊர்ச் சூட்டில் வெளியே நாலு மணி நேரத்துக்கு மேல் வைக்காதீர்கள். அடுப்பில் காய்ச்சாமல், வெந்நீரில் பாத்திரத்தை வைத்துக் குளிர் போக்கினால் போதும். ஊட்டுவதற்குப் பாலாடையோ சங்கோ நல்லது. புட்டியின் ரப்பர் இடுக்கைக் கழுவி மாளாது.

டாக்டரே பவுடர் பால் எழுதிக் கொடுத்தால் டின்னில் போட்ட அளவுப்படி கலக்கவேண்டும். டின் விலைக்குப் பயந்து ஒரு கரண்டியைக் குறைத்துத் தண்ணீரைக் கூட்டும் வீடுகள் உண்டு. நான் எண்ணிய பட்டியலில் அதுவும் ஓர் இடம்.

ஆறு மாதம் முடிந்ததும் கெட்டியாக

180 நாளுக்குப் பிறகு தாய்ப்பால் மட்டும் போதாது. முக்கியமாக இரும்புச்சத்து. தாயின் வயிற்றிலிருந்து கொண்டுவந்த இருப்பு அந்தச் சமயத்தில் தீர்ந்துவரும். பாலில் வருவதோ கொஞ்சம். அதே கணக்கெடுப்பில் இந்தியாவில் ஆறு மாதம் முதல் ஐந்து வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளில் 67 சதவீதம் பேருக்கு ரத்தசோகை.

இப்போது என் தம்பி பேரனின் கிண்ணத்துக்கு வருவோம். பிள்ளையின் வயிறு ஒரு வேளைக்குக் கொள்வது, கிலோ எடைக்கு ஏறக்குறைய 30 மி.லி. ஏழு கிலோ பையனுக்கு 200 மி.லி. சொச்சம், அதாவது ஒரு டம்ளர். 100 மி.லி. தாய்ப்பாலில் 65 கலோரிக்கு மேல் இருக்கிறது. தெளிந்த பருப்புத் தண்ணீரில் அதில் பாதிகூடத் தேறாது. வயிறு நிறைந்துவிடுகிறது, பையன் சிரிக்கிறான், பாலும் குறைவாகக் குடிக்கிறான், எடை நின்றுவிடுகிறது. எட்டு மாத ஆண் குழந்தையின் நடுத்தர எடை 8.6 கிலோ.

கெட்டியாகக் கொடுத்தால் தொண்டையில் சிக்கும் என்பது அவளுக்குப் பயம். ஸ்பூனைச் சாய்த்தால் ஒழுகாமல் மெதுவாக நழுவி விழவேண்டும், அதுதான் பதம். சிக்குவது வேறு: முழு நிலக்கடலை, திராட்சை, பொரிகடலை, பாப்கார்ன். நாலைந்து வயதுவரை இவற்றை முழுசாகக் கொடுக்காதீர்கள். கடலையைப் பொடித்துக் கஞ்சியில் கலக்கலாம்.

நான் அங்கிருந்த மூன்று நாளும் செய்தது இதுதான். குழைந்த சோறு, அடியில் தங்கிய பருப்பு, வெந்த பூசணித் துண்டு மூன்றையும் கையால் மசித்து, அரை ஸ்பூன் நெய், இரண்டு சொட்டு எலுமிச்சை. பருப்பின் இரும்புச்சத்தை உடம்பு பிடித்துக்கொள்ள அந்தப் புளிப்பு உதவும். உப்பும் சர்க்கரையும் சேர்க்கவில்லை. "சப்புனு இருக்குமே" என்றார் அம்மா. சப்பென்று இருப்பது நம் நாக்குக்கு. மறுநாள் நன்றாக வெந்த மஞ்சள்கரு, அதற்கடுத்த நாள் முள் எடுத்த மீன். முதல் நாள் மூன்றாவது வாயில் துப்பினான். துப்பினால் பிடிக்கவில்லை என்று அர்த்தமில்லை, நாக்கு பழகுகிறது. அதே உணவைப் பத்து தடவை காட்டலாம்.

கேழ்வரகு

முளைகட்டிய கேழ்வரகை ஏன் உசத்தியாகச் சொல்கிறோம்? இரவு ஊறவைத்து, தண்ணீரை வடித்து, ஈரத் துணியில் கட்டி வைத்தால் மறுநாள் வெள்ளை முளை எட்டிப் பார்க்கும். முளைவிடும்போது அமைலேஸ் என்ற நொதி உண்டாகிறது. மாவுச்சத்தை உடைப்பது அதன் வேலை. நிழலில் உலர்த்தி, வாசம் வரும் அளவுக்கு லேசாக வறுத்து அரைத்து வையுங்கள். கெட்டியாகக் காய்ச்சிய எந்தக் கஞ்சியிலும், கை பொறுக்கும் சூட்டில் அரை டீஸ்பூன் கலந்து சில நிமிடம் விட்டால் தண்ணீர் ஊற்றாமலே இளகும். மறுபடி ஒரு கொதி விட்டு, ஆறவைத்து ஊட்டுங்கள். சத்து அப்படியே, பதம் மட்டும் இளக்கம். அங்கன்வாடியில் தரும் சத்துமாவையும் ஏளனம் செய்யாமல் வாங்குங்கள். கூழாகக் கரைக்காமல் கொழுக்கட்டையாகவும் அவிக்கலாம்.

வீட்டுச் சோறு

ஒன்பதாம் மாதத்திலிருந்து மூன்று நான்கு வேளை, நடுவே ஒரு வாழைப்பழமோ இட்லித் துண்டோ. ஒரு வயதில் வீட்டுச் சமையலே போதும். மிளகாயும் உப்பும் போடுமுன் பிள்ளைக்கு எடுத்து வைத்துவிடவேண்டும். பசும்பாலைக் குடிக்கக் கொடுப்பதும் ஒரு வயதுக்குப் பிறகே. தாய்ப்பால் இரண்டு வயதும் அதற்கு மேலும் தொடரலாம். காய்ச்சல் விட்டபின் இரண்டு வாரம் ஒரு வேளை கூடுதலாக ஊட்டுங்கள். செல்போனைக் காட்டி ஊட்டினால் எவ்வளவு தின்றோம் என்று பிள்ளைக்கே தெரியாது. முகத்தைத் திருப்பினால் விட்டுவிடவேண்டும்.

ஆறு மாதத்திலிருந்து வாரம் இருமுறை 1 மி.லி. இரும்புச்சத்து சிரப்பை அரசுத் திட்டத்தில் தருகிறார்கள். நான் கிளம்பும்போது அதையும் வாங்கச் சொல்லிவிட்டு வந்தேன்.

போன வாரம் இரவு பதினோரு மணிக்கு போன். "அத்தை, கறுப்பாப் போறான்!"

சிரப் குடித்தால் அப்படித்தான் போகும், நிறுத்திவிடாதே என்றேன். எடை என்ன என்று கேட்டேன். "முன்னூத்தம்பது கிராம் ஏறியிருக்கு. அதைச் சொல்லத்தான் காலைல கூப்பிடலாம்னு இருந்தேன்."