கொள்ளைக் கப்பல் தலைவனுக்கு முன்கதை வகுத்தல்

ஐக்கிய அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்திலுள்ள லேக் ஜெனீவா என்னும் ஊரிலிருந்து 1974-ஆம் ஆண்டில் புதுவகை ஆட்டம் ஒன்று வெளிவந்தது. கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் என்னும் இருவர் இயற்றிய அதற்கு ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ என்று பெயர். இந்த ஆட்டத்தில் வென்றவர், தோற்றவர் என்பது இல்லை. ஒருவர் கதையை நடத்துவார். நால்வரோ ஐவரோ சுற்றி அமர்ந்து ஆளுக்கொரு வேடம் ஏற்பர். ஆயின் ஆடையணிந்து மேடை ஏறுவதில்லை. அமர்ந்த இடத்திலிருந்தே, தம் பாத்திரம் என்ன சொல்கிறது, என்ன செய்கிறது என்று வாயால் கூறுவர். செய்த செயல் பலித்ததா என்பதைப் பகடை முடிவு செய்யும். கதை ஒரே இரவில் முடிவதும் அன்று. வாரம் ஒருமுறை கூடி ஆண்டுக்கணக்கில் ஆடுவோர் உளர்.

இவ்வாட்டத்திற்கு வரும் ஒவ்வொருவரும் தம் பாத்திரம் அதுவரை எங்கிருந்தது, எவ்வாறு வாழ்ந்தது என்பதை முன்னரே எழுதிக்கொண்டு வருவது வழக்கம். அதுவே முன்கதை. தெருக்கூத்தில் வேடதாரி திரைக்குப் பின் நின்று, தான் இன்னான் என்று தானே எடுத்துரைப்பான் அல்லவா? ஏறத்தாழ அதுபோன்றதே இதுவும். ஒரு வேறுபாடு உண்டு. கூத்தில் துரியோதனன் யார் என்பதை அவையோர் முன்பே அறிவர். இங்கோ அறிந்தவர் எவரும் இலர். எழுதுபவர் சொன்னால்தான் உண்டு.

இவ்வாறு எழுதப்படும் பாத்திரங்களுள் கடற்கொள்ளையர் தலைவனுக்குத் தனிக் கவர்ச்சி உண்டு. அதனாலேயே அவனுடைய முன்கதை பெரும்பாலும் கெட்டுவிடுகிறது. பெற்றோர் கொலையுண்டனர், ஊர் எரிந்தது, காதலியைக் கவர்ந்து சென்றனர், உயிர்த்தோழன் வஞ்சித்தான், ஆகவே அவன் கொள்ளையன் ஆனான் என்று பத்துப் பக்கம் ஓடும். இத்துணைத் துன்பமும் பட்டவன் பாய்மரக் கப்பலைச் செலுத்தக் கற்றது எந்நாள் என்று கேட்டால் அப்பத்துப் பக்கத்திலும் விடை இராது. துன்பம் ஒருவனைக் கொள்ளையன் ஆக்கலாம்; தலைவன் ஆக்காது.

தலைவன் ஆவது எங்ஙனம் என்பதற்கு உண்மை வரலாறே நல்ல ஆசான். வேல்ஸ் நாட்டில் பிறந்த பர்த்தொலோமியூ ராபர்ட்ஸ் என்பான் 1719-இல் ‘பிரின்சஸ்’ என்னும் அடிமை வாணிகக் கப்பலில் மூன்றாம் துணை அதிகாரியாக இருந்தான். மேற்கு ஆப்பிரிக்கக் கரையில் அக்கப்பலை ஹோவெல் டேவிஸ் என்னும் கொள்ளைத் தலைவன் பிடித்தான். ராபர்ட்ஸ் முதலில் விருப்பமின்றியே அவர்களுடன் சேர்ந்தான் என்பர். சில வாரங்களில் பிரின்சிப்பே தீவில் டேவிஸ் கொல்லப்பட்டான். கப்பலோர் கூடிப் புதிய தலைவனாகத் தேர்ந்தது, வந்து ஏறத்தாழ ஆறு வாரமே ஆகியிருந்த ராபர்ட்ஸைத்தான்! நெடுங்காலம் உடனிருந்த பலரை விட்டு அவனைத் தேர்ந்தமைக்குக் காரணம் அவனுடைய துயரக் கதை அன்று. கடலில் வழியறிந்து கலம் செலுத்தும் திறமை. அடுத்த மூன்று ஆண்டுகளுக்குள் அவன் பிடித்த கலங்கள் நானூற்றுக்கு மேற்பட்டவை என்பது பொதுவாகக் கூறப்படும் கணக்கு. 1722 பிப்ரவரியில் லோப்பஸ் முனைக்கு அருகே அரசுப் போர்க்கப்பலோடு நிகழ்ந்த சண்டையில் அவன் மாண்டான்.

‘தேர்ந்தனர்’ என்னும் சொல்லை இங்கே ஊன்றி நோக்குதல் வேண்டும். அக்காலத்து அட்லாண்டிக் கொள்ளைக் கப்பல்களில் தலைவன் வாக்கால் அமர்ந்தவன். துரத்தும்போதும் போரிடும்போதும் அவன் சொல்லே ஆணை. மற்ற நேரங்களில் குவார்ட்டர்மாஸ்டர் எனப்பட்ட மற்றோர் அதிகாரி, உணவையும் கொள்ளைப் பொருளையும் பங்கிடுபவராகவும் வழக்குத் தீர்ப்பவராகவும் இருந்து, தலைவனின் கையைக் கட்டி வைத்திருந்தார். 1718-இல் பிரெஞ்சுப் போர்க்கப்பல் ஒன்றோடு மோத மறுத்த சார்ல்ஸ் வேன் என்பானை அவன் ஆட்களே வாக்கெடுத்து நீக்கிவிட்டு ஜான் ராக்கம் என்பவனை அமர்த்தினர். ராபர்ட்ஸின் கப்பலில் எழுதி வைத்துக் கையொப்பமிட்ட விதிகள் இருந்தன. ஒவ்வொருவனுக்கும் வாக்குரிமை, தலைவனுக்கும் குவார்ட்டர்மாஸ்டருக்கும் இரண்டு பங்கு, இரவு எட்டு மணிக்கு விளக்கு அணைக்கவேண்டும், காசு வைத்துச் சூதாடலாகாது, கையோ காலோ இழந்தவனுக்குப் பொதுப்பணத்திலிருந்து 800 வெள்ளி. ஊதியம் தராமல் ஏய்த்த வாணிகக் கப்பல்களிலிருந்து வந்த மாலுமிகளுக்கு இவ்விதிகள் எத்துணைப் பெரியவை என்பதை விளக்க வேண்டுவதில்லை.

ஆதலின் முன்கதை எழுதுவோர் முதலில் விடையளிக்க வேண்டிய வினா, ‘இவன் ஏன் கொள்ளையன் ஆனான்?’ என்பது அன்று. ‘இவனுக்கு எழுபது பேர் ஏன் கீழ்ப்படிகின்றனர்?’ என்பதே. இவ்வொரு வினாவுக்கு விடை கண்டால் தொழில் வந்துவிடும், தோழர் வந்துவிடுவர், தோற்றுப்போன போட்டியாளனும் வந்துவிடுவான். ஆட்டத்தின் உலகம் மாயமந்திரமும் கடற்பூதமும் நிறைந்த கற்பனை உலகமாயினும் இதில் மாற்றமில்லை. மந்திரம் அறிந்த கப்பலிலும் அடிப்பலகை ஒழுகும். கூலி பாக்கி நிற்கும்.

கடலுக்குள் நுழைந்த வாயில்கள் பலவகை. பார்படோஸ் தீவின் நிலக்கிழாராகிய ஸ்டீட் பானட், தன் சொந்தப் பணத்தில் கப்பல் வாங்கி 1717-இல் கொள்ளையடிக்கப் புறப்பட்டான். கடலறிவு சிறிதும் இல்லாதவன். அடுத்த ஆண்டே சார்ல்ஸ்டன் நகரில் தூக்கிலிடப்பட்டான். வில்லியம் கிட், கொள்ளையரைப் பிடிக்கும் அரச ஆணையோடு சென்று, 1698-இல் இந்தியாவின் மேற்குக் கரைக்கு அப்பால் ‘கெடா மெர்ச்சன்ட்’ என்னும் செல்வக் கப்பலைப் பிடித்ததனால் தானே கொள்ளையன் எனப்பட்டு 1701-இல் இலண்டனில் தூக்கிலேறினான். அக்கப்பல் பிரெஞ்சு அனுமதிச் சீட்டோடு சென்றது என்பதே அவன் எதிர்வாதம். அச்சீட்டுகள் விசாரணையின்போது அவன் கைக்குக் கிடைக்கவில்லை. இருபதாம் நூற்றாண்டில் ஆவணக் காப்பகத்தில் கிடைத்தன. இத்தகைய ஒரு துண்டுத்தாள், எரிந்த ஊர்கள் பத்தைவிட முன்கதைக்குப் பயன்படும்.

இவர்களைப் பற்றி இன்று வழங்கும் செய்திகளுள் பெரும்பகுதி, 1724-இல் இலண்டனில் வெளியான ‘கடற்கொள்ளையரின் பொது வரலாறு’ என்னும் நூலிலிருந்து வந்தது. அதன் ஆசிரியர் ‘கேப்டன் சார்ல்ஸ் ஜான்சன்’ என்பது புனைபெயர் என்றே அறிஞர் கருதுவர். அந்நூலும் முன்கதை புனைவதில் சளைத்ததன்று. 1728-இல் வந்த இரண்டாம் தொகுதியில், மடகாஸ்கரில் ‘லிபர்ட்டாலியா’ என்னும் விடுதலைக் குடியரசு கண்ட மிசோன் என்னும் பிரெஞ்சுத் தலைவனின் வரலாறு விரிவாக இருக்கிறது. அந்நூலுக்கு வெளியே மிசோன் வாழ்ந்தமைக்குச் சான்றே இல்லை.

ஆனால் அதே நூல் மறைக்காமல் கூறும் மற்றொரு செய்தி உண்டு. 1722 ஜனவரியில் மேற்கு ஆப்பிரிக்காவின் விடா துறையில், மீட்புப்பணம் தர மறுத்த ‘போர்க்குபைன்’ என்னும் அடிமைக் கப்பலுக்கு ராபர்ட்ஸின் ஆட்கள் தீயிட்டனர். உள்ளே எண்பது ஆப்பிரிக்கர் இருவர் இருவராகச் சங்கிலியில் பிணைக்கப்பட்டிருந்தனர். விலங்கை அகற்ற நேரமாகும் என்று அப்படியே விட்டனர். தீக்கு அஞ்சிக் கடலில் குதித்தோரைச் சுறாக்கள் கிழித்தன. வாக்குரிமையும் 800 வெள்ளியும் எழுதிவைத்த அதே கப்பலோர்தாம் இதனைச் செய்தனர்.

முன்கதைகளில் மிகுதியும் விடுபட்டுப் போவது இப்பகுதியே. தலைவனுக்கு உலகம் இழைத்த தீங்கு வரிசையாக எழுதப்படும். அவன் பிறருக்கு இழைத்த தீங்கு ஒரு வரியும் இராது. விளைவாக, அவன் செய்யப்போகும் கொள்ளைக்கெல்லாம் முன்கூட்டியே மன்னிப்புச் சீட்டு எழுதியது போலாகிறது. தமிழ்ப் புலவர் இதனை வேறு விதமாகக் கையாண்டனர். சிலப்பதிகாரத்தில் கோவலனின் முற்பிறப்புச் செய்தி, அவன் வெட்டுண்ட பின்னரே மதுராபதித் தெய்வத்தின் வாயிலாக வருகிறது. அவன் பரதன் என்பானாய்ப் பிறந்து, சங்கமன் என்னும் வணிகனை ஒற்றன் என்று பொய்யாகக் காட்டிக்கொடுத்துக் கொல்வித்தான் என்பதே அச்செய்தி. நாயகனின் முன்கதை, நாயகன் செய்த தீங்கின் கதையாக அமைந்திருக்கிறது.

மற்றொரு சிக்கல், ‘கொள்ளையன்’ என்னும் பெயரைச் சூட்டியவர் யார் என்பது. இதனை விளக்க மலாய்க் கடலுக்கே வரலாம். இத்தாலிய எழுத்தாளர் எமிலியோ சல்காரி 1883-இல் வெரோனா நகர இதழொன்றில் தொடர்கதை எழுதத் தொடங்கினார். அதன் தலைவன் சண்டோகான், போர்னியோவின் இளவரசன். ஆங்கிலேயர் சூழ்ச்சியால் அரியணையையும் குடும்பத்தையும் இழந்து ‘மலேசியப் புலி’ என்னும் பெயரோடு கொள்ளைத் தலைவனானவன். அவனுக்குப் பகைவராக வருபவர் சராவாக்கின் வெள்ளை ராஜா ஜேம்ஸ் புரூக். சல்காரி இப்பக்கம் வந்தவரே அல்லர். ஏட்ரியாட்டிக் கடலோடு அவர் கடற்பயணம் முடிந்தது. மாலுமிப் பள்ளியில் படித்து முடிக்காமலே தம்மைக் ‘கேப்டன்’ என்று அழைத்துக்கொண்டார். அதனை ஐயுற்ற செய்தியாளர் ஒருவரோடு வாளேந்திப் பொருதவும் செய்தார். தமக்கே ஒரு முன்கதை புனைந்துகொண்டவர் என்க!

சண்டோகான் கற்பனை. ஆனால் புரூக் உண்மை. அவர்மேல் எழுந்த வினாவும் உண்மை. 1849-இல் சரிபாஸ், ஸ்கிராங் ஆற்றுப் பகுதிகளைச் சேர்ந்த படகுகளைப் புரூக்கும் ஆங்கிலக் கடற்படையும் சூழ்ந்து தாக்கியதில் பலர் மடிந்தனர். மாண்டவர் கொள்ளையரா, தம் பழம்பகையைத் தீர்க்கச் சென்ற குடிகளா என்னும் வழக்கு இலண்டன் நாடாளுமன்றம் வரை சென்றது. 1854-இல் சிங்கப்பூரில் ஆணைக்குழு கூடி விசாரித்தது. கொள்ளையனைக் கொன்றால் பரிசுத்தொகை உண்டு என்பது அக்காலச் சட்டம் என்பதையும் சேர்த்து எண்ணினால், ஒரு பெயரின் விலை விளங்கும். ஆட்டத்தில் வரும் தலைவனும் யாருடைய ஏட்டில் கொள்ளையன், யாருடைய பாட்டில் காவலன் என்பதை வரையறுத்துக்கொள்ளுதல் நன்று.

இனி, எவ்வளவு சொல்வது என்பது. பிரெஞ்சு ஆசிரியர் ஜூல் வெர்ன் 1870-இல் முடித்த ‘கடலடியில் இருபதாயிரம் லீக்’ என்னும் கதையில் நெமோ என்னும் தலைவன் நீர்மூழ்கிக் கலத்தால் போர்க்கப்பல்களை உடைக்கிறான். அவன் யார் என்பது சொல்லப்படவில்லை. ஒரு பெண்ணும் இரு குழந்தைகளும் உள்ள படத்தின்முன் அவன் மண்டியிட்டு அழுவது மட்டும் காட்டப்படுகிறது. வெர்ன் முதலில் அவனை, 1863-ஆம் ஆண்டுக் கிளர்ச்சியில் ரஷ்யரிடம் குடும்பத்தை இழந்த போலந்துப் பிரபுவாக எண்ணினார். பதிப்பாளர் ஹெட்செல் உடன்படவில்லை. பின்னர் வந்த ‘மர்மத் தீவு’ என்னும் கதையில் நெமோ, 1857 எழுச்சியில் ஈடுபட்ட புந்தேல்கண்ட் இளவரசன் தக்கார் ஆகிவிடுகிறான்! திப்பு சுல்தானின் மருமகன் என்றும் எழுதினார். 1849-இல் முப்பது வயதளவில் ஊர் திரும்பியவன், 1799-இல் மாண்ட திப்புவுக்கு மருமகன் ஆவது கணக்குக்கு எளிதில் ஒத்துவராது. அது போகட்டும். வியப்பு என்னவெனில், போலந்துக்காரனுக்காக வெட்டிய குழியில் இந்தியன் பொருந்தி நின்றான். இழப்பின் வடிவத்தை மட்டும் முதற்கதை வரைந்திருந்தது. பகைவன் பெயர் வெற்றிடமாகவே இருந்தது. ஆட்டத்திற்கு வேண்டுவதும் இதுவே. பகைவனின் பெயர், ஊர், முடிவு அனைத்தையும் எழுதிக்கொண்டு வருபவர், கதையை நடத்துபவருக்கு வேலை ஏதும் விடுவதில்லை.

இவற்றை வைத்து ஒரு முன்கதையை ஒரே பக்கத்தில் வகுத்துப் பார்க்கலாம். தலைவன் முன்பு கப்பல் தச்சன். அவனிருந்த வாணிகக் கப்பலைக் கொள்ளையர் பிடித்தனர். தச்சன் இல்லாத கலம் நெடுநாள் மிதக்காதாகையால் அவனை வற்புறுத்தி ஏற்றிக்கொண்டனர். முதல் துறையிலேயே தப்பியிருக்கலாம். பழைய முதலாளி இரண்டாண்டுக் கூலியைத் தராமல் வைத்திருந்ததால் தப்பவில்லை. பின்னொரு நாள் புயலில் கலம் பாறையில் தட்டிற்று. தலைவன் கலங்கி நின்றான். எடையைக் குறைத்து, கலத்தை மணற்கரையில் சாய்த்து, ஓட்டையை அடைத்துக் காத்தவன் தச்சன். மறுநாள் வாக்கெடுப்பில் ஒரே வாக்கு மிகுதியால் தலைவனானான். தோற்றவன் இன்றும் அதே கப்பலில் பீரங்கிக்காரனாக இருக்கிறான்.

எடையைக் குறைத்தபோது இறக்கப்பட்டவை பீப்பாய்கள் மட்டும் அல்ல. பிடிபட்டிருந்த பயணிகளையும் சிறுபடகொன்றில் இரவோடு இரவாக இறக்கிவிட்டான். துடுப்பு இரண்டு கொடுத்தான். தண்ணீர்ப் பீப்பாய் ஒன்று கொடுத்தான். படகில் எத்தனை பேர், அவர்களுள் குழந்தை உண்டா என்பதை எழுதிவிடலாம். அவர்கள் கரை சேர்ந்தனரா என்பதை மட்டும் எழுதாமல், தாளை மடித்துக் கதை நடத்துபவரிடம் கொடுத்துவிட வேண்டும்.