கல்லெண்ணெயும் அதன் விலையும்

கடலோரத்து ஊர்களில் உப்பு மலிவு. அதே உப்பு மலைநாடு சென்று சேரும்போது விலை ஏறிவிடும். நெல் விளையும் ஊரில் நெல் மலிவு. வறண்ட நிலத்தில் அஃது அரிது. ஒரு பொருள் தோன்றும் இடத்தில் விலை குறைந்தும், தொலைவு மிகுதோறும் விலை உயர்ந்தும் வருதல் வாணிகத்தின் இயல்பு. இவ்வியல்புக்கு அடங்காத பொருள் ஒன்று உண்டு. அதுவே மோட்டார் வண்டிகளை இயக்கும் பெட்ரோல்.

எண்ணெய்க் கிணறுகள் மிகுந்த நார்வே நாட்டில், ஐரோப்பாவிலேயே மிக உயர்ந்த விலைகளுள் ஒன்றில் பெட்ரோல் விற்கப்படுகின்றது. கிணறுகள் மிகுந்த மற்றொரு நாடாகிய வெனிசுவேலாவிலோ, ஒரு காலத்தில் ஒரு புட்டி குடிநீருக்குரிய பணத்தைக் கொண்டு காரின் தொட்டி முழுவதையும் நிரப்பிவிடலாம். இருநாடுகளும் எண்ணெயை விற்று வாழ்வனவே. அங்ஙனமாக, இவ்வேற்றுமை எவ்வாறு விளைந்தது?

பெட்ரோலியம் என்னும் சொல் கல், எண்ணெய் என்னும் பொருளுடைய இரு சொற்கள் புணர்ந்து ஆகியது. ஆகவே கல்லெண்ணெய் என்பது அதற்கு நேரான தமிழ். 1859ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில், தைத்தசுவில் என்னும் ஊரில், எட்வின் திரேக் என்பார் நிலத்தைத் துளைத்து எண்ணெய் எடுத்தார். அக்காலத்தில் எண்ணெயை மரப்பீப்பாய்களில் நிரப்பி அனுப்பினர். இன்று குழாய்களிலும் கப்பல்களிலுமே எண்ணெய் செல்கின்றது. ஆயினும் விலை பேசுவது பீப்பாய்க் கணக்கில்தான். ஒரு பீப்பாய் என்பது 42 அமெரிக்கக் காலன், ஏறத்தாழ 159 லிட்டர். பீப்பாய் மறைந்தும் அதன் பெயர் மறையவில்லை.

தூய்மை செய்யப்படாத எண்ணெய்க்கு உலகச் சந்தையில் டாலரில் விலை குறிக்கப்படுகின்றது. தரத்திற்கேற்பச் சிறிது ஏற்றத்தாழ்வு உண்டெனினும், சப்பானியர்க்கு ஒரு விலை, செருமானியர்க்கு ஒரு விலை என்பது பெரும்பாலும் இல்லை. கப்பற்கூலியும் பெரிதன்று. ஒரு பெருங்கப்பல் ஏறக்குறைய இருபது இலட்சம் பீப்பாய் எண்ணெயைச் சுமந்து செல்லும். அத்தனை லிட்டருக்கும் பகிர்ந்தால் கூலி மிகச் சிறிதே ஆகும். ஆதலின் நாட்டுக்கு நாடு விலை வேறுபடுவதற்கு முதற்காரணம் தொலைவன்று; அரசு விதிக்கும் வரியும், அரசு அளிக்கும் மானியமுமே ஆகும்.

அமெரிக்க நடுவண் அரசு ஒரு காலனுக்கு 18.4 சென்ட் வரி விதிக்கின்றது. 1993ஆம் ஆண்டிலிருந்து அவ்வளவு மாறவில்லை. லிட்டருக்குக் கணக்கிட்டால் அஃது ஐந்து சென்டுக்கும் குறைவு. மாநிலங்களின் வரியைச் சேர்த்தாலும் மிகுதியாகாது. பிரிட்டனிலோ 2022 மார்ச்சில் லிட்டருக்கு 57.95 பென்சாக இருந்த தீர்வையைக் குறைத்தபோதும் அது 52.95 பென்சாக நின்றது. அத்தீர்வையையும் சேர்த்த விலையின்மீது நூற்றுக்கு இருபது விழுக்காடு மற்றொரு வரி உண்டு. வரிக்கும் வரி செலுத்தும் விந்தை இது! ஐரோப்பாவில் லக்சம்பர்க்கு என்னும் சிறுநாட்டில் வரி குறைவாக இருந்தமையால், அண்டை நாட்டார் எல்லை கடந்து வந்து தம் வண்டிகளை நிரப்பிச் செல்வது நெடுங்கால வழக்கமாயிற்று.

விலையை மட்டும் ஒப்பிட்டு, இந்நாட்டில் மலிவு, அந்நாட்டில் உயர்வு என முடிவு கட்டுதலும் பொருந்தாது. நார்வேயில் ஒரு லிட்டரின் விலை உழைப்பாளி ஒருவர் சில நிமிடங்களில் ஈட்டும் கூலியே. ஏழை நாட்டுக் கூலியாளர்க்கு அதனினும் குறைந்த விலையும் ஒரு நாள் வருவாயில் பெரும்பகுதியை விழுங்கிவிடும்.

நார்வேக்கு உரிய வடகடலில் 1969ஆம் ஆண்டில் எக்கோபிசுக்கு என்னும் பெரிய எண்ணெய்வயல் கண்டுபிடிக்கப்பட்டது. அந்நாட்டினர் அதனைத் தம் மக்களுக்கு மலிவாக விற்க முற்படவில்லை. பிறர்க்கு விற்பதுபோலவே தமக்கும் விற்று, அதன்மேல் வரியும் விதித்தனர். 1991இல் கரிவளி வரியும் சேர்ந்தது. எண்ணெயால் வந்த செல்வத்தைச் சேர்த்து வைக்க 1990இல் சட்டம் இயற்றி, 1996இல் முதற்பணத்தை இட்டனர். அச்செல்வம் வெளிநாடுகளிலேயே முதலீடு செய்யப்பட்டு, 2017இல் ஒரு இலட்சம் கோடி டாலரைக் கடந்தது. பெட்ரோல் விலை உயர்ந்திருந்தமையும், மின்வண்டிகளுக்கு வரிச்சலுகை அளித்தமையும் சேர்ந்து, 2024இல் அங்கு விற்ற புதிய கார்கள் நூற்றில் ஏறத்தாழ எண்பத்தொன்பது மின்வண்டிகளாக அமைந்தன. அருவிநீரால் பெறும் மின்சாரத்தில் தாம் ஊர்ந்து, எண்ணெயைப் பிறர்க்கு விற்கின்றனர்.

வெனிசுவேலாவின் வழி வேறு. நாட்டின் எண்ணெய் மக்களுடையது. ஆதலின் மக்களுக்கு அது மலிவாகக் கிடைத்தல் வேண்டும் என்று அங்கே கருதினர். கேட்பதற்கு இனிய கொள்கை. ஆயின் கார் வைத்திருப்போர்க்கே அதன் பயன் மிகுதியாகச் சென்றது. ஆயினும் விலையை உயர்த்தினால் முதலில் வாடுபவர் பேருந்தில் செல்லும் ஏழையர். 1989 பிப்ரவரியில் பெட்ரோல் விலை உயர, பேருந்துக் கட்டணமும் ஏறியது. பிப்ரவரி 27ஆம் நாள் தலைநகராகிய கராகசிலும் அதனையடுத்த குவாரெனாசு நகரிலும் கலகம் மூண்டது. படைகளின் துப்பாக்கிக்குப் பல நூற்றுவர் இரையாயினர். அந்நினைவு பின்வந்த ஆட்சியாளரை விட்டு அகலவில்லை. 2016 வரை ஏறக்குறைய இருபது ஆண்டுகள் எவரும் விலையைத் தொடத் துணிந்திலர்.

இவ்வச்சம் வெனிசுவேலாவுக்கு மட்டும் உரியதன்று. நைஜீரியாவில் 2012 சனவரியில் லிட்டருக்கு 65 நைரா என்றிருந்த விலை ஒரே நாளில் 141 ஆக உயர்த்தப்பட்டது. நாடெங்கும் கிளர்ச்சி எழவே, 97 ஆகக் குறைக்கப்பட்டது. பிரான்சில் 2018இன் இறுதியில் மஞ்சட் சட்டையர் வீதிக்கு வந்ததும் எரிபொருள் வரியினாலேயே.

விலை மிகக் குறைந்தவிடத்தில் கள்ளக்கடத்தல் தானே தோன்றும். வெனிசுவேலாவின் பெட்ரோல் எல்லை கடந்து கொலம்பியாவுக்குச் சென்றது. கூக்குத்தா நகரின் சாலையோரங்களில் அதனைக் கலன்களில் வைத்து விற்றுப் பிழைத்தவர் பலர். இதற்கிடையே, வெனிசுவேலாவின் தூய்மையாக்கும் ஆலைகள் பேணப்படாமல் பழுதுற்றன. 2019இல் அமெரிக்கா விதித்த தடைகளும் சேர்ந்தன. 2020இல், எண்ணெய்மேல் மிதக்கும் அந்நாட்டில் மக்கள் பெட்ரோலுக்காக நாட்கணக்கில் வரிசையில் நின்றனர். அவ்வாண்டு மே மாதத்தில் ஈரானிலிருந்து ஐந்து கப்பல்கள் பெட்ரோல் கொண்டுவந்தன. சூன் முதல் நாளிலிருந்து, மானியப் பங்கீட்டுக்கு மேல் வேண்டுவோர் லிட்டருக்கு அரை டாலர் கொடுத்தல் வேண்டும் என அரசு அறிவித்தது. எல்லைக் கடத்தலும் திசை திரும்பியது. கொலம்பியப் பெட்ரோல் வெனிசுவேலாவுக்குள் கள்ளத்தனமாக வரலாயிற்று.